மூன்றாவது செட்டின் வரிசை

ஜூன் 5

அன்புள்ள சின்னவளுக்கு,

பெட்டி, படுக்கை, உன் அத்தானின் முதுகுவலி எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தாயிற்று. குடியிருப்பு இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான் தெரிகிறது. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இருபத்தொரு அலமாரி. எதில் எது இருக்கிறது என்று கேட்டால், பழைய கிடங்குக்காரர் "தேடினா கிடைக்கும் மேடம்" என்கிறார். ஒரு வருஷ மாற்றல். ஆறு மாதத்தில் திரும்பக் கேட்கலாமாம். கேட்பேன்.

போன் வேண்டாம், கடிதமே எழுதிக்கொள்வோம் என்று நாம் முடிவு செய்தது நல்லது. போனில் என்றால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் அத்தான் நடுவில் வாங்கி அங்கே மழை உண்டா என்று கேட்பார்.

இப்போது முக்கியமான விஷயம், உன் கையில் விட்டு வந்த அணி. பதினாலு வயதுக்குட்பட்ட பெண்களின் கைப்பந்து அணியைப் பதினோரு வருஷம் வளர்த்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஐந்தரைக்குப் பயிற்சி என்றால் ஐந்து இருபதுக்கு வலை கட்டியிருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு சர்வீஸ் விட்டவள் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். மேட்ச் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தன் இடப்பக்கம் இருப்பவளின் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். முகம் சுருங்கும், பரவாயில்லை. ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால், யார் எந்த இடத்தில் நிற்பது என்று எழுதி நடுவர் மேசையில் கொடுக்கிற வரிசைத் தாளைக் கேப்டன்தான் எழுதுவாள். நான் வாயால் சொல்வேன், அவள் எழுதிக் கொடுப்பாள்.

ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிற பிள்ளை, உயரமாக இருக்கிறோம் என்ற தைரியத்தில் குதிக்க மாட்டாள், திட்டினால்தான் குதிப்பாள். கண்மூடியைப் பெஞ்சிலேயே வை. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளையோடு இரண்டு வருஷம் நான் பட்டது போதும். கேப்டன் தங்கம், அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நீ பயப்படாதே. நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்களே, அவ்வளவுதான். பிள்ளைகள் என்னைக் கேட்டு அழுதால் சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல். எத்தனை பேர் அழுதார்கள் என்று மறக்காமல் எழுது.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே பிரித்துப் படித்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "வீட்டுக் கடிதமா? மூக்கு சிவந்திருக்கே" என்றார். அத்தானைக் குனிந்து எதையும் தூக்க விடாதே. நீ தூக்கச் சொல்லுவாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

அழுதவர்களின் எண்ணிக்கை கேட்டிருந்தாய். முதல் நாள் முழுக்க உன் பேச்சுதான். ஒட்டகம் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு ஜலதோஷமும் இருந்தது, அதனால் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

பந்து வந்தால் நான் குடை விரிக்கிற மாதிரிக் கையை வைப்பேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வாயே. அதையே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் கத்துக் குடுக்கணும்" என்றதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கண்மூடிதான் எழுந்து வந்தாள். என் பின்னால் நின்று முழங்கையைப் பிடித்து, "மடக்காதீங்க சின்ன கோச், நேரா வைங்க" என்றாள். ஆறாவது தடவை பந்து வலையைத் தாண்டிவிட்டது அக்கா. பிள்ளைகள் போட்ட கூச்சலில் காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

குறை சொல்கிற வட்டத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் தடவை நடந்தபோது ஒரு பிள்ளை வயிற்றைப் பிரட்டுகிறது என்று எழுந்து போய்விட்டாள். இப்போது முதலில் நான் என் தப்பைச் சொல்கிறேன். அப்புறம் அவரவர் தன் தப்பைச் சொல்லலாம், பிடிக்காவிட்டால் சும்மா இருக்கலாம். என் தப்புகளைச் சொல்லி முடிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது. விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் சின்னவள்


ஜூலை 2

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதம் வந்தது. சிரித்தார்கள், சிரிக்கிறார்கள், கூச்சல் போட்டார்கள் என்று பார்த்த இடமெல்லாம் கொண்டாட்டமாக இருக்கிறது. கைப்பந்து என்ற வார்த்தை மட்டும் கண்ணில் படவில்லை.

பிள்ளைகள் உனக்குக் கற்றுக்கொடுத்தார்களா? நல்லது. அடுத்த மேட்சில் உன்னையே இறக்கிவிடலாம். கோச் என்பவள் தெரியாது என்று ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் எந்தப் பிள்ளையும் மதிக்காது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதில்லை. தெரியாதபோதும் சொன்னதில்லை.

வட்டத்தை மாற்ற யாரைக் கேட்டாய்? அந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டியது மத்தியானச் சாப்பாட்டால் இருக்கும். என் காலத்தில் யாருக்கும் பிரட்டவில்லை. அப்படிப் பிரட்டியிருந்தாலும் எழுந்து போக மாட்டார்கள்.

அந்தப் பேர் யார் வைத்தது? சின்ன கோச்சாம். நான் பெரிய கோச் ஆகிவிட்டேனா? இத்தனை வருஷம் வெறும் கோச்சாக இருந்தவளுக்கு முன்னால் ஒரு பெரிய ஒட்டினால் வயதானவள் போல இருக்கிறது. உன்னை அவர்கள் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் போதும்.

இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை. அலமாரிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் ஐந்தரை ஆனால் கை தானாக விசில் தேடுகிறது. உன் அத்தான் நடக்கக் கூப்பிடுகிறார். போகிற வழியில் ஒரு மைதானம் இருக்கிறது, யார் யாரோ பிள்ளைகள் ஆடுகிறார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒட்டகத்தின் ஜலதோஷம் இருக்கட்டும், அழுததாகவே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. மூன்று மேட்ச் ஆடி இரண்டு ஜெயித்துவிட்டோம். நீ கட்டி வைத்த அணி, அதனால் ஜெயித்தது நீதான். நான் தண்ணீர் பாட்டில் நிரப்பினேன்.

அடுத்த செய்தியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கண்மூடி எனக்கு சர்வீஸ் சொல்லிக்கொடுக்கும்போது, பந்து எங்கே விழுந்தது என்று ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பிள்ளையைக் கேட்பதைக் கவனித்தேன். பத்து வருஷம் கண்ணாடிக் கடையில் நின்றவளுக்குச் சந்தேகம் வராதா? அவள் அம்மாவைச் சம்மதிக்க வைத்து, ஒரு சனிக்கிழமை கடைக்குக் கூட்டிப்போய்ச் சோதனை செய்யச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் நிறையக் குறை அக்கா. பந்து அவளுக்கு முகத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. யாராக இருந்தாலும் கண்ணை மூடத்தான் செய்வார்கள்.

விளையாட்டுக்கென்று இருக்கிற பட்டை வைத்த கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். முதல் பந்தை இரண்டு கையாலும் அப்படியே வாங்கி மேலே கொடுத்தாள். "பந்துல கோடு இருக்கு சின்ன கோச்" என்றாள். பந்தில் தையல் கோடு இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். உனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஒட்டகம் மட்டும் தன் பெயர் தனக்குப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாள்.

இன்னொன்று. யார் எந்த இடத்தில் நிற்பது என்று மேட்சுக்கு முந்தின நாள் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். அதனால் வரிசைத் தாளையும் இப்போது கேப்டன் எழுதுவதில்லை, பேசியதைக் கேட்டு நானே எழுதி மேசையில் கொடுத்துவிடுகிறேன். கேப்டனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன். முன்பு மாதிரிச் சிரித்துப் பேசுவதில்லை. நீ இல்லாதது அவளுக்குத்தான் பெரிய குறை.

உன் சின்னவள்


ஆகஸ்ட் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

பந்தில் கோடு இருக்கு என்றாளாம். அந்த இடத்தோடு உன் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். மிச்சத்தை அப்புறம் படிக்கிறேன். எப்படியும் அதில் என் பிள்ளைகள் உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற கதைதானே இருக்கும்.

இரண்டு வருஷம் நான் கவனிக்கவில்லை என்று சொல்ல வருகிறாய். சொல்லவில்லை என்று சொல்லாதே, சொல்லாமல் சொல்வதில் நீ கெட்டிக்காரி. அம்மாவிடமும் இப்படித்தான் செய்வாய். நான் பாத்திரம் முழுக்கத் தேய்த்து வைப்பேன், நீ கடைசியில் ஒரு டம்ளரைத் துடைத்து வைப்பாய், அம்மா வந்து "என் சின்னக்குட்டி எவ்வளவு பளிச்சுன்னு வச்சிருக்கா" என்பாள். நாற்பத்தாறு வயதில் இதை எழுதுகிறேனே என்று எனக்கே அசிங்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு தடவை பந்து தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?

உனக்கு ஒன்று தெரியட்டும். என்னை மறக்காத பிள்ளையும் அங்கே இருக்கிறாள். யார் என்று கேட்காதே.

விளையாட்டுச் சங்கங்களுக்கு இடையிலான அரையிறுதி அடுத்த மாதம். எதிரணி உயரமானவர்கள். மூன்றாவது செட்டுக்குப் போகும் என்று என் மனசு சொல்கிறது. ஜாக்கிரதை.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தோற்றுவிட்டோம். என்னால்.

முதல் செட் நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது செட் பதினைந்து புள்ளி. இடைவேளையில் பிள்ளைகளோடு அவசர அவசரமாகப் பேசி வரிசைத் தாளை எழுதிக் கொடுத்தேன். அதற்குள் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது, ஐஸ் வைக்கக் குனிந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஆறுக்கு இரண்டு. நாம்தான் ஆறு. எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போது மேசையில் இருந்தவர் மணி அடித்து நிறுத்தினார். நம் பிள்ளைகள் நிற்கிற வரிசை வேறு, தாளில் இருக்கிற வரிசை வேறாம். தப்பான வரிசையில் நின்று எடுத்த ஆறு புள்ளியும் செல்லாது என்று எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்று கூடக் கொடுத்தார்கள். ஆறுக்கு இரண்டு பூஜ்யத்துக்கு மூன்று ஆகிவிட்டது. அதற்கப்புறமும் பிள்ளைகள் விடவில்லை அக்கா, பன்னிரண்டு வரைக்கும் வந்தார்கள். பதினைந்துக்குப் பன்னிரண்டு.

தாளில் எழுதுகிற அந்த இட எண்கள் எந்தப் பக்கமாகச் சுற்றும் என்பதில் எனக்கு எப்போதுமே குழப்பம் என்று உனக்குத் தெரியும். பயிற்சியில் ஒரு தடவை தலைகீழாக எழுதியிருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் செய்திருப்பேன். பெற்றவர்கள் எல்லோரும் நிற்கும்போதே, "தாளைத் தப்பா எழுதினது நான், பிள்ளைங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டேன். ஒருவர், "தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்" என்றார். சரிதானே.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை கேப்டன். மேட்ச் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். ஒரு வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. வயிற்றுவலி என்கிறார் அவள் அம்மா. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லையாம். நான் வாசலில் நின்றால் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் அணியை அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைக்கிறாளோ என்னவோ.

சங்கச் செயலாளரிடம் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ மாற்றலுக்கு எழுது அக்கா. வந்துவிடு. அணி உன்னுடையது, எனக்குத் தகுதியில்லை.

உன் சின்னவள்


செப்டம்பர் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

மனதைத் தேற்றிக்கொள். உனக்கு வராத ஒன்றை நீ செய்யப்போனாய், உன்மேல் என்ன தப்பு. தெரியாமல் உன்னை என் இடத்தில் நிறுத்திய என்மேல்தான் தப்பு என்று வைத்துக்கொள்.

மாற்றலுக்கு நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். டிசம்பரில் வந்துவிடுவேன். செயலாளரிடம் சொல்லிவை. அதுவரை பந்துகளில் காற்றுப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், புதிதாக எதுவும் செய்யாதே. வட்டத்தைப் பழையபடி ஆக்கிவிடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகட்டும்.

தாள் எப்படி மாறியது என்று இனி ஆராய வேண்டாம். நடந்தது நடந்துவிட்டது. பிள்ளைகளிடமும் கேட்காதே. கேப்டனை வற்புறுத்தாதே, வாசலில் போய் நிற்காதே. நான் வந்து பேசிக்கொள்கிறேன். என்னிடம் அவள் சரியாகிவிடுவாள்.

உன் அத்தான் நலம். முதுகு பரவாயில்லை.

அக்கா


அக்டோபர் 1

சின்னவளே,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைப் படி.

தாளை நீ சரியாகத்தான் எழுதினாய். வரிசையை மாற்றியது கேப்டன். மாற்றச் சொன்னது நான்.

ஜூலையிலிருந்து அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதிவந்தேன். கோச் எழுதுகிறாரே என்று அவள் அம்மாவும் பெருமையாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தேன். கடைசிக் கடிதத்தில், மூன்றாவது செட்டுக்குப் போனால் சின்ன கோச் சொல்கிற இடத்தில் நிற்காதே, கண்ணாடி போட்ட பிள்ளையைப் பின்மூலைக்குத் தள்ளிவிட்டு நீ வலைக்கு வா, நான் வளர்த்த பிள்ளை என்றால் செய்வாய் என்று எழுதினேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இப்படி எழுதினேன்.

அந்தப் பிள்ளையை ஏன் தள்ளச் சொன்னேன் என்றால், அவள் நன்றாக ஆடினால் இரண்டு வருஷம் கண் தெரியாமல் இருந்தவள் நான் என்று ஆகிவிடும்.

தாளை இன்னமும் கேப்டன்தான் எழுதுகிறாள், புது வரிசையை அவளே எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். நான் மடித்து வைத்த பக்கத்தில் இருக்கிறது. உன் தோல்விக் கடிதம் வந்த பிறகுதான் இழுப்பறையைத் திறந்து அதைப் படித்தேன். மேசைக்குப் போன தாள் ஒன்று, நான் சொன்ன வரிசை ஒன்று. நடுவில் அந்தக் குழந்தை.

எல்லாம் தெரிந்த பிறகும் போன கடிதத்தை எழுதினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நீ தோற்றாய் என்று படித்ததும் என் வயிறு குளிர்ந்தது. சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தேனாம். உன் அத்தான், "என்ன, நல்ல சேதியா?" என்றார். "ஆமா" என்றேன்.

இன்னும் இருக்கிறது. நம் அணியில் ஆடி வளர்ந்த அந்த நர்ஸ் பெண், நான் கிளம்பும்போது அணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து கேட்டாள். ஆட்டம் நன்றாகத் தெரிந்தவள். அதனால்தான் வேண்டாம் என்றேன். உன்னை வைத்தால் பத்தே நாளில் பிள்ளைகள் என்னைத் தேடுவார்கள் என்று நினைத்தேன். உன்மேல் நம்பிக்கை வைத்து நான் உன்னை என் இடத்தில் நிறுத்தவில்லை.

நேற்றுக் கிடங்கில் குழந்தைகளுக்கான வயிற்றுவலி மருந்துக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அறுபது புட்டி. பத்தாவது புட்டிக்கு மேல் என்னால் ஒட்ட முடியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

செயலாளருக்கும் இதே விஷயத்தை எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். நீ விலக வேண்டியதில்லை. முதலில் அவள் வீட்டுக்குப் போ. அவள்மேல் தப்பில்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகச் சொல், இந்தக் கடிதத்தையே காட்டு.

அக்கா


அக்டோபர் 14

அக்காவுக்கு,

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. இதற்கு முன்னால் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்த வார்த்தைகளை நீ பார்க்க வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்றே கேப்டன் வீட்டுக்குப் போனேன். மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். செட்டு, தாள், வரிசை, இவ்வளவுதான் படித்தேன், மற்றதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். அப்புறம் கதவைத் திறந்து, "நான் அவங்களக் காட்டிக் குடுக்கலல்ல?" என்று கேட்டாள். அவள் முதலில் கேட்டது அதைத்தான். "இல்ல கண்ணு, அவங்களே சொல்லிட்டாங்க" என்றேன். உன் கடிதங்களை அழிப்பதா வைப்பதா என்று தெரியாமல் பாடப்புத்தக அட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். அத்தனை நாள் வயிற்றுவலி உண்மைதான் என்று அவள் அம்மா சொன்னார். ஒன்றுமே சாப்பிடவில்லையாம்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு வந்தாள். வட்டத்தில் நான் முதலில் என் தப்பைச் சொன்னேன். வரிசை மாறி நிற்பதைப் பார்க்காமல் ஆறு புள்ளிக்குச் சந்தோஷப்பட்டேன் என்றேன். அடுத்தது அவள் சொன்னாள். அன்றைக்கு "மாத்தி நிக்கச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும்தான் மற்றவர்களிடம் சொன்னாளாம், யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லையாம். பின்மூலைக்குத் தள்ளப்பட்ட பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம், "அடுத்த தடவை என்கிட்ட சொல்லிட்டுத் தள்ளு" என்றாள். ஒருத்தி சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்று எழுதுகிறேன், எண்ணிக்கொள்.

உன்மேல் கோபம் இருக்கிறது அக்கா. என்னை நம்பி நிறுத்தவில்லை என்று எழுதினாயே, அதற்குத்தான். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என்னிடம் விட்டுப் போனாயே என்று அந்த ஜூன் மாதம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. உன் மேல் எனக்கும் பொறாமை உண்டு, வாழ்க்கை பூராவும் உண்டு. நீ பந்தை அடிக்கும்போது அப்பா எழுந்து நின்றுதான் பார்ப்பார். ஆனால் உன்னை விழவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

செயலாளர் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறார். பதினோரு வருஷம் அணியைப் பார்த்தவர், தானே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார், டிசம்பரில் வந்து கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. நீ கேட்டால் கொடுத்துவிடுவேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அன்றைக்கு வட்டம் கலைந்த பிறகு ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "பெரிய கோச் திரும்பி வந்துடுவாங்களா?" என்று கேட்டாள். காலணி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அந்தக் கேள்வியில் ஆசை இல்லை அக்கா. பயம்தான் இருந்தது. எல்லா முகத்திலும். உன்னை மறக்காத பிள்ளையின் முகத்திலும்.

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சின்னவள்


அக்டோபர் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

டிசம்பர் மாற்றலுக்கு உத்தரவு வந்துவிட்டது. உன் கடிதமும் அதே நாளில் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அணியைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்று செயலாளருக்கும் எழுதிவிட்டேன், இனி அவர் குழம்ப வேண்டியதில்லை.

கேப்டனுக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ முதலில் படி. சரியில்லை என்று பட்டால் கொடுக்காதே, வேறு எழுதித் தருகிறேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். சிரித்தார்கள் என்று நீ எழுதிய இடத்தில் இன்றைக்கும் எரிந்தது. பதினோரு வருஷமாக அவர்கள் என் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்ததை மரியாதை என்று நினைத்து வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

உன்னை ஏன் நிறுத்தினேன் என்பதை இனி மாற்றி எழுத முடியாது. உன் கோபம் இருக்கிறவரைக்கும் இருக்கட்டும். பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

கேட்ட பிள்ளை யார் என்று கேட்க மாட்டேன். அவளிடம் சொல்லிவிடு, நான் வரவில்லை. சொன்னதும் அவள் முகம் எப்படி மாறியது என்பதை மட்டும் எனக்கு எழுதாதே.

அக்கா